அம்மனோடு ஏறிய ஊர்

கடுக்காக்கொல்லைக்கு முதல் மினி பஸ் வந்து நின்றபோது ஊரே ரோட்டில் இருந்தது. வண்டிக்குள் மட்டும் ஒருவரும் இல்லை.

மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் அணைந்ததும் எல்லாரும் ஓரமாக ஒதுங்கிக் கைகட்டி நின்றுகொண்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போனார். வழித்தடம் பார்க்க வந்திருந்த அதிகாரி சிவசங்கருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன், இந்தக் கொஞ்சூண்டு ஊருக்குப் பஸ் விட்டா காத்தைத்தான் ஏத்திட்டுப் போகணும்னு. இது சோதனை ஓட்டம்மா. காலியாப் போனா இதோட சரி."

அவர் சொன்னது தேவயானியிடம். வயிற்றுப் பிள்ளையோடு திருப்பத்தூர் ஆபீசுக்கு நடையாய் நடந்து இந்த வண்டியை வரவழைத்தவள் அவள்தான். தலைச்சன் பிள்ளைக்கு வலி கண்டபோது, கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, நாலு பேர் தோளில் போட்டு மலை இறக்கினார்கள். பாதி வழியிலேயே பிள்ளை போய்விட்டது. இதையும் அப்படிப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

ஊர்க்காரர்கள் ஏறாததற்குக் காரணம் இருந்தது. புதுச் சாமை விளைந்தால் காளியம்மாவுக்குப் படைக்காமல் அங்கே யாரும் ஒரு வாய் தின்ன மாட்டார்கள். பஸ்ஸும் புதுசுதானே என்று காலையில் பூசாரி ரங்கசாமி சொல்லிவிட்டார். படையலுக்கு நல்ல நாள் அடுத்த வாரமாம். அம்மனுக்கு என்ன அவசரம்? அவசரமெல்லாம் தேவயானிக்குத்தான்.

"பெரியப்பா, ஆத்தாவுக்கு முந்தி யாரும் ஏறக் கூடாது, அதானங்க?"

"பின்ன இன்னா? நம்ம வழக்கம் உனக்குத் தெரியாதா?"

"அப்ப ஆத்தாவ இப்பவே ஏத்துங்க. கரகத்த எடுத்தாந்து முன்சீட்டுல வெச்சி, கீழ வரைக்கும் போய்ட்டு வரலாம்."

ரங்கசாமி தாடையைச் சொறிந்தார். யோசித்துப் பார்த்ததில் குற்றம் ஒன்றும் தெரியவில்லை. கோயிலுக்குப் போய், வேப்பிலை சுற்றிய கரகத்தைக் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்தார்.

"சாமியைப் பயணின்னு கணக்குல காட்ட முடியாதும்மா" என்றார் சிவசங்கர்.

"கொஞ்சம் பொறுங்க சார்." தேவயானி கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "ஆத்தா ஊர் எல்லை தாண்டப் போறா. வூட்டுக்கு ஒரு ஆளு கூடப் போவணும்ல? தனியா அனுப்பிட்டு வேடிக்கை பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

அதுவும் வழக்கம்தான். அம்மன் வெளியே கிளம்பினால் துணைக்குப் போகாத வீடு ஊரில் தலைகாட்ட முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் தள்ளுமுள்ளு. சந்தடி சாக்கில் ஒருவன் புளி மூட்டையை ஜன்னல் வழியாகவே ஏற்றிவிட்டான். சிவசங்கர் தம் சீட்டைப் பறிகொடுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு பேர் எங்கம்மா இருந்தாங்க?"

"இங்கதான் சார் கீறோம். நீங்கதான் வரல."

அன்றிலிருந்து வண்டி தினமும் வந்தது.

ஒருநாள் காலை தேவயானிக்கு வலி எடுத்தது. புருஷன் வெற்றிவேலுக்குக் கை கால் ஓடவில்லை. பழக்க தோஷத்தில் கழியையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு ஆள் கூட்ட ஓடினான். அவன் ஆட்களோடு திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியோடு அவள் பஸ் ஏறிப் போயிருந்தாள். பதறிப்போய் எல்லாருமாகக் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து இறங்கினார்கள்.

மூச்சிரைக்க அவன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பெண் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. வெற்றிவேலும் அங்கேயே உட்கார்ந்து அழுதான், சந்தோஷம் தாங்காமல்.

தேவயானி அவனையும் வாசலில் கழியோடு நின்ற ஆட்களையும் பார்த்தாள்.

"நான் பஸ்ஸுல ஒக்காந்து வந்தேன். நீங்க இன்னாத்துக்கு நடந்து வந்தீங்க?"