இருபது நிமிஷத்துக்கு ஒரு அழுகை

சார்லஸ் வாத்தியார் பத்தாம் வகுப்புக்குச் செரிமானப் பாடம் எடுக்கும்போது பழைய சைக்கிள் டியூபுடன்தான் வருவார். அதற்குள் ஒரு எலுமிச்சங்காயை விட்டு, பின்னாலிருந்து பிதுக்கிப் பிதுக்கித் தள்ளுவார். "சோறு தானா இறங்கலடா. குடல் தசை சுருங்கும், விரியும், பிசையும், தள்ளும். அலை மாதிரி வரும், செத்த நேரம் ஓயும், மறுபடி வரும்" என்பார். திண்டுக்கல்லில் அவரிடம் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் அவர் குடல் வாத்தியார்தான். அந்தப் பட்டத்தில் மனுஷனுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆடி மாதத்து வியாழக்கிழமை. அன்று மத்தியானம் அவருடைய ஏழு மாதப் பெண் குழந்தை ஷெர்லின் வீல் என்று கத்தியது. காலிரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்தியது, குடித்த பாலைக் கக்கியது, பிறகு துவண்டுபோய்த் தூங்கிவிட்டது. இருபது நிமிஷம் கழித்து மறுபடி அதே கத்தல். சாயங்காலம் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மனைவி ஜோஸ்பின் வாசலிலேயே மறித்தாள்.

"ஏங்க, பிள்ளைக்குக் குடலேத்தம் போல இருக்கு. பேகம்பூரு பீவிகிட்ட ஒரு தட்டுத் தட்டிட்டு வந்துருவோம்."

"அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றார் சார்லஸ். ஆனால் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவரே இரண்டு தடவை அங்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அப்போதெல்லாம் சரியாகவும் போயிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

காதர் பீவிக்கு அறுபது வயதிருக்கும். குழந்தையை மடியில் கிடத்தி, வெதுவெதுப்பான விளக்கெண்ணெயை வயிற்றில் தடவி, விரலால் நீவித் தட்டிவிடுவாள்; ஏறிக்கொண்ட குடல் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: தட்டுகிற நேரத்தில் பெற்றவள் உள்ளே இருக்கக் கூடாது. தாயைப் பார்த்தால் பிள்ளை அதிகமாக முறுக்கும் என்று வெளியே அனுப்பிவிடுவாள். கால் பிடிக்கத் தகப்பன் மட்டும் இருக்கலாம். ஜோஸ்பின் வாசலில் நின்று ஜெபமாலை உருட்டினாள்.

பீவியின் கை எண்ணெயோடு குழந்தையின் வலப்பக்க வயிற்றில் ஊர்ந்தது, ஓரிடத்தில் நின்றது. அவள் தட்டவில்லை. எண்ணெயைத் துணியால் துடைத்தாள்.

"வாத்தியாரே, இது குடலேத்தம் இல்ல. உள்ள பிஞ்சுப் புடலங்கா கணக்கா ஒண்ணு தட்டுப்படுது. இது என் கைக்கு அடங்கறதில்ல. வீட்டுக்குப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

அந்த நேரம் பார்த்துக் குழந்தையின் முகம் தெளிந்தது. கால் நீண்டது. கண் சொக்கித் தூங்கியே விட்டது. சார்லஸ் பார்த்தார். கைநாட்டு வைக்கிற பொம்பளை, எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவனுக்குக் குடலைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள் என்று அவருக்குச் சுருக்கென்றது. மலம் கட்டியிருக்கும், தசை தள்ளிவிடும், இதற்குப் போய் ஆஸ்பத்திரியா என்று எண்ணிக்கொண்டார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

வாசலில் ஜோஸ்பின் ஓடி வந்தாள். "தட்டியாச்சா?"

"ஆச்சு. பாரு, தூங்குது."

பீவிக்குக் கேட்டதோ என்னவோ. அவள் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தாள்.

வீடு வந்து சேருமுன் குழந்தை மறுபடி கத்தியது. பச்சையாகக் கக்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்க" என்று ஜோஸ்பின் கெஞ்சினாள். அவர் அவளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். "குடல்னா அப்படித்தான் வேலை செய்யும். அலை வரும்போது வலிக்கும், ஓஞ்சதும் தூங்கும். தூங்குதுன்னாலே சரியாகுதுன்னு அர்த்தம்." எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். புருஷன் வாயிலிருந்து வந்தால் அவளுக்கு அது வேதவாக்கு. கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குழந்தைக்கு அழுகை நின்றிருந்தது. பால் குடிக்கவில்லை, சிரிக்கவில்லை, கண்ணைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. அழாத பிள்ளையைப் பார்த்து நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனார் சார்லஸ். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். பிள்ளையின் துணியில் மலம் இல்லை, சிவப்பாகக் கொழகொழவென்று ரத்தமும் சளியும்தான் இருந்தது.

உள்ளூர் டாக்டர் வயிற்றில் கை வைத்ததும் மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வாடகைக் காரில் வாடிப்பட்டி தாண்டும்போது பிள்ளையின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. மதுரையில் வயிற்றைத் திறந்தார்கள். வெளியே வந்த டாக்டர் இளவயதுக்காரர், முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிச்சு, சட்டைக் கை உள்ள மடங்கிப் போற மாதிரி. தசை தள்ளத் தள்ள இன்னும் உள்ளதான் போகும். ரத்த ஓட்டம் நின்னு கறுத்துப்போச்சு. நேத்தே வந்திருந்தா ஆசனவாய் வழியா மருந்து ஏத்தியே பிரிச்சு விட்டிருக்கலாம், கத்தியே வேண்டியிருந்திருக்காது. எங்கயாச்சும் தட்டினீங்களா?"

"பேகம்பூருல ஒரு கிழவி தட்டுச்சு சார்" என்று ஜோஸ்பின் வெடித்து அழுதாள்.

"இவங்களாலதாம்மா பிள்ளைங்க போகுது" என்றார் டாக்டர்.

அவள் தட்டவே இல்லை என்று சொல்ல சார்லஸ் வாயைத் திறந்தார். பிள்ளையை எப்போது பார்க்கலாம் என்றுதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில் ஷெர்லின் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காதர் பீவி துக்கம் கேட்க வந்தாள். படியில் கால் வைக்குமுன் ஜோஸ்பின் பாய்ந்தாள். "எம்பிள்ளையத் தட்டியே கொன்னுட்டு இங்க எதுக்குடி வந்த?" தெருவே கூடிவிட்டது. பீவி அவளைப் பார்க்கவில்லை. சார்லஸைப் பார்த்தாள். "வாத்தியாரே" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். சார்லஸ் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு பீவியின் வீட்டுக்கு ஒருத்தரும் பிள்ளை தூக்கிக்கொண்டு போகவில்லை. அவளும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று கேள்வி.

அன்று சாயங்காலம் ஜோஸ்பின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. மூத்தவன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க அன்னைக்கே மூடநம்பிக்கைன்னு சொன்னீங்க. நாந்தான் பீவி பீவின்னு நச்சரிச்சு இழுத்துட்டுப் போனேன். எம்பிள்ளைய நானே கொன்னுட்டேன்." அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "இனிமே இவனுக்கு ஒண்ணுன்னா, நீங்க சொல்றத மட்டுந்தாங்க கேப்பேன்."

"சரி" என்றார் சார்லஸ்.