கிளைக் கூட்டம் நாலு மணிக்கு

புருஷன் உடம்புக்குச் சட்டையைப் போட அவளால் முடியவில்லை. வலது கை மடங்கியபடியே விறைத்துப் போயிருந்தது. பிணவறை ஊழியரிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, சட்டையின் முதுகைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டினாள். இரண்டு பாதிகளையும் இரண்டு கைகளில் தனித்தனியாக நுழைத்து, ஓரங்களை உடம்புக்கு அடியில் திணித்தாள். முன்னாலிருந்து பார்த்தால் ஒழுங்காக உடுத்திய மனிதர்தான். தலையைச் சுற்றியிருந்த கட்டைத்தான் மறைக்க வழியில்லை.

"நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க வெளிய வாங்க" என்றான் கொழுந்தன். சொன்னானே தவிர, வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நீ பொத்தானை மட்டும் போட்டு விடு."

வந்தான். மூன்றாவது பொத்தானுக்கு மேல் அவன் விரல் ஏறவில்லை. மீதியை அவளே போட்டாள்.

அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள். ரத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே அது மூட்டையாகக் கட்டி வரும். யாருடையது என்று யாரும் சொல்வதில்லை, அவளும் கேட்டதில்லை.

வெளியே போலீஸ் ரைட்டர் ஒரு தாளோடு காத்திருந்தார்.

"படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

மாற்றுக் கட்சியைச் சேர்ந்த, அடையாளம் தெரியாத நான்கு பேர் தாக்கியதாக எழுதியிருந்தது.

"இப்படி நடக்கல சார். நான் பாத்தேன்."

"பாத்திருப்பீங்க. பதட்டத்துல ஆளு மாறித் தெரியும். இதுல போட்டா அரை மணி நேரத்துல உடம்பு உங்க கையில. இல்லேன்னா பெரிய டாக்டர் வரணும், மறுபடி அறுக்கணும். செவ்வாய், புதன் ஆயிடும்."

மறுபடி அறுப்பது என்றால் அந்தச் சட்டையை மறுபடி கழற்ற வேண்டும். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

*

அவள் புருஷன் பிளம்பர். தெருவில் எந்த வீட்டில் எந்தக் குழாய் சொட்டுகிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் சாக்கடை உடைந்து தெரு நாறியபோது, நாலு மனு போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. "கட்சியில சொல்லுங்க" என்று யாரோ சொல்ல, முதன்முதலாகக் கிளைக் கூட்டத்துக்குப் போனார். திரும்பி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மொத்தம் ஏழு பேரு. அதுல ரெண்டு பேரு தூங்கிட்டாங்க. பகுதிச் செயலாளரு ஒரு பேரை வாசிச்சாரு, முழிச்சிருந்தவன் கையைத் தூக்கினான், முடிஞ்சுது. கட்சின்னா மேடை, மைக்குன்னு நெனச்சிட்டிருந்தேன் புள்ள. அது ஒரே ஒரு ரூமு. உள்ள போய் உக்காந்தா போதும்."

அதற்கப்புறம் ஆள் மாறிவிட்டார். கட்சியின் விதிப் புத்தகத்தைத் தேடி வாங்கிப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். கிளைச் செயலாளரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; கவுன்சிலர் வேட்பாளர் யார் என்று முதலில் எழுதி அனுப்புவது அந்தக் கிளைதான். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, குழாயை முடுக்கி முடித்த கையோடு உறுப்பினர் படிவத்தை எடுத்து நீட்டுவார். அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். மனைவியிடமும் நீட்டினார்.

"உங்க கட்சியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். முதல்ல நம்ம வீட்டுக் குழாயைச் சரி பண்ணுங்க" என்றாள் அவள்.

கவுன்சிலர் இடம் ஏற்கெனவே ஒருவனுக்கு என்று பேசி முடிந்திருந்தது. அந்தப் பகுதிச் செயலாளருக்கு வலது கை மாதிரி இருந்த அவனைக் கம்பி என்று கூப்பிடுவார்கள். முன்பு கட்டட வேலைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கிளைச் செயலாளர் தேர்தல் கூட்டம். அதற்காகச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு உறுப்பினர் பட்டியலைக் கொடுக்கப் போனவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். திட்டிக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். கிளை அலுவலக வாசலில் அவள் கால் வைத்தபோது, கம்பி பட்டியலை நாலாகக் கிழித்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தான். அவர் குனிந்து பொறுக்கினார். கம்பி மடக்கு நாற்காலியைத் தூக்கி அவர் பின்மண்டையில் அடித்தான். இரும்பு நாற்காலி. அவர் முழங்காலில் விழுந்தார். இரண்டாவது அடிக்குக் காதிலிருந்து ரத்தம் வந்தது. மூன்றாவதாக ஒரு உதை, விலாவில். செயலாளர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து தன் பேனாவுக்கு மூடி போட்டார்.

"போதும்டா" என்றார், மூன்றுக்கும் அப்புறம்.

வெளியே போகும்போது கம்பி அவளைப் பார்த்து, "கொஞ்சம் வழி விடுங்க அண்ணி" என்றான். அவள் வழி விட்டாள்.

ஆம்புலன்சில் அவருக்கு ஒரு தடவை நினைவு வந்தது.

"லிஸ்டு?" என்றார்.

"லிஸ்டு ஒண்ணுதான் இப்பக் கேடு" என்றாள்.

அதற்கப்புறம் அவர் கண்ணைத் திறக்கவில்லை. சாயங்காலம் மூன்றரைக்கு முடிந்துவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை இடுகாட்டு வாசலில் வண்டி நின்றதும் கட்சிக்காரர்கள் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். மேலே கொடியைப் போர்த்தினார்கள். தோள் கொடுத்தவர்களில் முன்மூலையில் கம்பி. கன்னத்தில் கண்ணீர்கூட இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். கையெழுத்துப் போட்ட விரல்கள் தன்னுடையவை இல்லை என்பதுபோல் இருந்தது.

செயலாளர் குழிமேட்டு மண்ணில் ஏறி நின்றார்.

"நம்ம தோழரை அடிச்சுக் கொன்னது யாருன்னு ஊருக்கே தெரியும். எந்தக் கட்சிக்காரன்னு தெரியும். இந்த ரத்தத்துக்குப் பதில் வேணுமா, வேணாமா?"

"வேணும்!"

கூட்டத்தின் ஓரத்தில், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சாவிக்கடைக்காரர் நின்றிருந்தார். அந்த மாற்றுக் கட்சிக்குத் தெருவில் இருந்த ஒரே ஆள். இருபது வருஷமாகப் பிளம்பரோடு கடை வாசலில் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர்.

"அதோ நிக்கிறாம்பாரு ஒருத்தன்" என்றது ஒரு குரல்.

முதல் கல் அவர் நெற்றியில் பட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டாவது கல் வாயிலேயே விழுந்தது. சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். மண்ணில் உருண்டவரைச் சுற்றிக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒருவன் குழி வெட்டிய மண்வெட்டியை எடுக்க ஓடினான்.

அவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. போய் அவர்மேல் விழுந்தாள். யாரோ அவருக்கு ஓங்கிய உதை அவள் இடுப்பில் விழுந்தது.

"டேய், அண்ணிடா! நிறுத்துங்கடா!"

எழுந்து உட்காரவே அவளுக்குச் சற்று நேரமாயிற்று. மூச்சு வந்ததும், கம்பியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இவரு இல்ல. அவன். நேத்து நாற்காலியால அடிச்சது அவன். ரெண்டு அடி, ஒரு உதை. நான் வாசல்ல நின்னு பாத்தேன். உங்க செயலாளரு மேஜையில உக்காந்து பேனாவை மூடிட்டிருந்தாரு."

செயலாளர் மண்மேட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"பாவம், துக்கத்துல என்ன பேசுதுன்னே தெரியல" என்றார் செயலாளர், கூட்டத்தைப் பார்த்து. பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தி, "போலீசுல கையெழுத்து போட்டியா இல்லியாம்மா?"

"போட்டேன். பொய்க் கையெழுத்து. பொணத்தைக் காட்டி வாங்கினாங்க."

மண்வெட்டி எப்படியோ கொழுந்தன் கைக்கு வந்திருந்தது. பொத்தான் போட முடியாத அதே கை. கம்பி திரும்புவதற்குள் அவன் தோளில் ஒரு வெட்டு. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கம்பி மண்டியிட்டான். கொழுந்தன் மறுபடி ஓங்கினான், இந்தத் தடவை தலைக்கு.

அவள் பாய்ந்து மண்வெட்டியை தகட்டுப் பக்கமாகப் பிடித்தாள். உள்ளங்கை கிழிந்தது. விடவில்லை.

"விடுங்க அண்ணி! விடுங்கங்கறேன்!"

"மாட்டேன். இவனைக் கொன்னுட்டு நீ உள்ள போயிடுவ. உங்க அண்ணன் பேரு அதோட முடிஞ்சிடும். கீழ போடு."

கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே இழுத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவன் பிடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதான்.

கம்பியை இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். செயலாளர் காரில் ஏறுமுன், "இன்னிக்குக் கிளைக் கூட்டம் கெடையாது. ஒரு மாசம் தள்ளி வச்சாச்சு" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

"தள்ளி வைக்க மாவட்டக் குழுவாலதான் முடியும். விதி இருபத்து மூணு" என்றது ஒரு பெண் குரல். தெருக்கோடி டீச்சர். பிளம்பர் சேர்த்த முதல் உறுப்பினர். "அவர்தான் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. கூட்டம் நாலு மணிக்கு. மெம்பர் அட்டை வச்சிருக்கிறவங்க வந்து சேருங்க."

கார்க் கதவு சாத்தப்பட்டது.

கொடியை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சமிருந்தவர்கள் பெட்டியை இறக்கினார்கள்.

*

நாலு மணிக்குக் கிளை அலுவலகத்தில் புதுப் பூட்டு தொங்கியது. தெருவில் ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். கட்டடச் சொந்தக்காரர் கையைப் பிசைந்தார்.

"எங்கிட்ட இருக்கிற சாவி பழைய பூட்டுக்கும்மா. என்னைக் கேக்காமலே மாத்திட்டாங்க."

"அப்ப நீங்க சொன்னா திறக்கலாம் இல்லியா?" என்றார் டீச்சர்.

"தாராளமா."

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். சாவிக்கடைக்காரர் வீங்கிய உதட்டோடு வந்து பூட்டின் முன் குந்தினார்.

"எங்க கட்சி ஆபீசைத் திறக்கவே என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்ல" என்று முணுமுணுத்தார். சிரிக்கப் போய் உதடு மறுபடி பிளந்தது. பூட்டு இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

எதிர்ச் சாரியில் கம்பியின் ஆட்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் சைக்கிள் செயின். உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணுவதுபோல் பார்த்தார்கள். ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்புறம் பார்த்தபோது அந்த மூன்று பேரையும் காணவில்லை.

வாசலில் அட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க அண்ணி, உள்ள வாங்க."

"நான் மெம்பர் இல்ல தம்பி."

அவள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கட்டுப் போட்ட கை விண்விண் என்று தெறித்தது. இரண்டு படி கீழே சாவிக்கடைக்காரர் உட்கார்ந்தார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள வேலையில்ல" என்றார்.

"நாளைக்கு எங்கூட ஸ்டேஷனுக்கு வரீங்களாண்ணே? எழுதிக் கொடுத்ததை மாத்தணும்."

"வரேம்மா. உங்க கொழுந்தனையும் அவங்க விட மாட்டாங்க. ஒரு வக்கீலைப் பாத்து வைக்கணும்."

அவசரமாகப் படியேறி வந்த ஒரு பெண், அட்டையைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டே இடுப்பிலிருந்த குழந்தையை அவளிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் பிடிங்கக்கா, ஓட்டுப் போட்டுட்டு வந்திடறேன்."

அவள் அடிபடாத கையால் வாங்கிக்கொண்டாள். உள்ளே பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒரு பெயர் வந்தபோது வாசித்தவர் நிறுத்தினார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள் போலிருந்தது. சற்று நேரம் கழித்து அடுத்த பெயரைச் சொன்னார்கள்.

ஐந்து மணிக்கு முடிந்தது. நாற்பத்தேழு பேர் கையெழுத்திட்டு டீச்சரைக் கிளைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. யாரும் கைதட்டவில்லை.

குழந்தையின் தாய் வெளியே வந்து கை நீட்டினாள்.

"தொந்தரவு பண்ணிச்சா அக்கா?"

"இல்ல."

குழந்தை அவள் சேலை மடிப்பை இறுகப் பிடித்தபடி தூங்கியிருந்தது. தாய் அந்த விரல்களைப் பிரிக்கப் போனாள்.

"இருக்கட்டும். தானா விடும்" என்றாள் அவள்.

இரண்டு பெண்களும் படியில் காத்திருந்தார்கள். மற்றவர்கள் அவர்களைச் சுற்றி, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள்.