நாய்க்குப் புகைப்படம் கட்டாயம்

கால்நடை மருத்துவமனையில் கூட்டத்தை வரிசைப்படுத்த ஒரு மென்பொருள் வேண்டும் என்று முடிவானது. அதை எழுத வந்தவளுக்குக் கிடைத்ததோ எக்ஸ்ரே அறையிலிருந்து கழித்துக்கட்டிய கணினி.

"இதுல படமும் ஓடாது, குரலும் வராதும்மா," என்றார் சீட்டு கொடுக்கும் கம்பவுண்டர்.

ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டாள். திட்டத்தில் இருந்த படத்தை நீக்கினாள், குரலை நீக்கினாள், பதிவுப் படிவத்தின் முப்பத்திரண்டு கேள்விகளையும் நீக்கினாள். கடைசியில் மிஞ்சியவை வரிசை எண், என்ன பிராணி, எந்த அறை. உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு பொத்தான். அந்த எண் மேலே ஏறிவிடும். எழுதி முடித்ததைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் ஓடியது. கணினி என்றாலே பத்தடி தள்ளி நிற்கும் கம்பவுண்டர் இரண்டாம் நாளே ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். மதியத்துக்குள் கூட்டம் கலைந்தது.

இயக்குநர் நேரில் வந்து பார்த்தார். "இந்த ஓட்டை மெஷின்லயே இவ்வளவு பண்ணியிருக்கீங்களே! நல்லது கொடுத்தா எங்கயோ போயிடுவீங்கம்மா."

புதுக் கணினி வந்தது. கூடவே குளிரூட்டிய அறையும் நான்கு உதவியாளர்களும். நான்கு பேர் சும்மா இருக்க முடியுமா? ஒருவர் புகைப்படத்தைக் கட்டாயமாக்கினார். இன்னொருவர் மனிதர்களுக்கான படிவத்தை அப்படியே கொண்டுவந்து சேர்த்தார். மணமானவரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தப் பசுவும் உள்ளே போக முடியவில்லை.

"நாய் கேமராவைப் பாக்கவே மாட்டேங்குதும்மா," என்று கம்பவுண்டர் ஓடிவந்தார். "மூணு தடவை எடுத்தாச்சு. மூணுலயும் வால்தான் விழுந்திருக்கு."

வரிசை தெருவுக்குப் போனது. பன்னிரண்டாவது கேள்விக்கும் பதின்மூன்றாவதற்கும் நடுவில் ஓர் ஆடு குட்டி போட்டது. கணினி குட்டிக்குத் தனிப் படிவம் கேட்டது.

அவள் இயக்குநரிடம் போனாள். "பழையபடி மூணே கட்டம் வச்சுக்கலாம் சார்."

"மூணு கட்டத்துக்கு அஞ்சு பேரா? மேல கேட்டா என்னம்மா சொல்றது?" அவர் யோசித்தார். "மெஷின்தான் திணறுது. இன்னும் ரெண்டு மெஷின், ரெண்டு ஆள் கேட்டு எழுதுறேன்."

அன்றே அவள் கிளை மருத்துவமனைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

"போயும் போயும் அங்கயா? பாதி நாள் கரண்டே இருக்காதும்மா," என்று இயக்குநர் இரக்கப்பட்டார்.

"பரவாயில்ல சார்," என்றாள், சிரிப்பு வெளியே வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு.

மறுவாரம் கம்பவுண்டரும் அதே கிளைக்கு மனு கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தார்.