கற்குவியலில் சாய்த்த சைக்கிள்

என் தங்கை டெல்மிராவுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அதுவும் பொலிவியாவின் லிப்பெஸ் மேட்டில், எங்களுக்கு மறுகோடியில், நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் அந்தப் பள்ளியில் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வரவேண்டிய லாரி வரவில்லை. ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். அவள் போவதில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளும் போய்விட்டால் எனக்குத் துணை, கம்பளிக்காக வளர்க்கும் முப்பது யாமாக்கள். அதற்காக அந்தப் பாலையில் அவளைத் தனியாக அனுப்ப முடியுமா?

முதல் நாள் எழுபது கிலோமீட்டர். மணலில் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனோம். மறுநாள் கணவாய். எங்கள் வழக்கப்படி அடிவாரத்தில் ஆளுக்கொரு கல் எடுத்துக்கொள்வோம். உச்சியில் உள்ள குவியலில் அதை வைத்து, பூமித்தாயிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். வைத்ததை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

பத்து மணிக்கே காற்று கிளம்பிவிட்டது. டெல்மிரா ஒல்லிக்குச்சி; இரண்டு தடவை சைக்கிளோடு தூக்கிப் போட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கைக்கு அகப்பட்ட கல்லையெல்லாம் அவள் சைக்கிள் பைகளில் போட்டு நிரப்பினேன். வண்டி ஆடாமல் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

உச்சியில்தான் மாட்டிக்கொண்டோம். சுமந்து வந்த கல்லைக் குவியலைத் தாண்டிக் கொண்டுபோனால் களைப்பும் கூடவே வரும் என்பார்கள். பரவாயில்லை, வா என்றேன். படித்தவள் கேட்கவில்லை, ஒவ்வொரு கல்லாக இறக்கி வைத்தாள். நானும் என் கல்லை வைத்தேன். அவள் போகக் கூடாது என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன், வேறொன்றும் கேட்கவுமில்லை. மணி ஒன்றரை. இன்னும் முப்பது கிலோமீட்டர் இறக்கம், பக்கவாட்டில் காற்று.

"இப்ப என்னடி பண்ணப்போற? பறந்தே போயிடுவியா?"

"நீ பின்னால ஏறிக்கோக்கா. உன்னைவிடப் பெரிய கல்லு இந்த மலையில எங்க இருக்கு?"

ஒரு அறை விடலாம் போலிருந்தது; சிரித்துவிட்டேன். என் சைக்கிளைக் குவியலில் சாய்த்துவிட்டு அவள் கேரியரில் ஏறினேன். காற்று என்னவெல்லாமோ செய்து பார்த்தது. எங்களை அசைக்க முடியவில்லை. மூன்றே முக்காலுக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிறன்று எங்கள் ஊர்க்கார அன்செல்மோவின் ஜீப்பில் ஊருக்குத் திரும்பினேன். என் சைக்கிளை ஏற்றுவதற்காகக் கணவாயில் நிறுத்தச் சொன்னேன். அவன் கயிற்றோடு இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். கைப்பிடியில் யார் யாரோ வண்ணக் கம்பளி நூல் கட்டியிருந்தார்கள். சீட்டின் மேல் சிறு கல் பாரமாக வைத்து, பூமித்தாய்க்குப் படைக்கும் கோக்கா இலை. குவியலில் விட்டதெல்லாம் காணிக்கைதானே. அவசரத்தில் எனக்கு அது உறைக்கவேயில்லை.

"சைக்கிளையே வச்சிருக்கியேக்கா. அப்படி என்னத்தக் கேட்ட?"

மறந்து விட்டுப்போனேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எடுத்துக்கொண்டும் போயிருக்கலாம்.

"என் தங்கச்சிக்கு வேலை கேட்டேன்."

"கெடச்சுதா?"

"கெடச்சுது."

அன்செல்மோ கயிற்றைச் சுருட்டி ஜீப்புக்குள் போட்டான்.