ஏர் எடுக்க இரண்டு பேர்

பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பது மெக்கானிக் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எவனுக்கும் தெரிந்துவிடும். தனபாலுக்கு அது முப்பத்திரண்டு வருஷமாகத் தெரியும். அப்படியும் திறந்த டப்பாவைக் கொண்டுபோய் அந்தச் சிவப்புக் காரின் மட்கார்டு மேலேயே வைத்தான். வைத்த கையோடு முழங்கையால் ஒரு தட்டும் தட்டினான்.

பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தான். துண்டு சிவந்தது, மட்கார்டு வெளுத்தது.

"தொடைக்காதீங்கண்ணா. தண்ணிதான் ஊத்தோணும்னு அவரு சொல்லுவாரு." மாதம்மாள் வாசல் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு வந்து தானே ஊற்றினாள். நீர் வழிந்தோடிய இடத்தில் சோற்றுத்தட்டு அகலத்துக்குச் சிவப்பு போய் உள்ளே சாம்பல் தெரிந்தது.

வண்டிக்குத் தேமல் வந்துருச்சுங்க அம்மிணி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. தனபால் விழுங்கிக்கொண்டான். ஏழு மாதமாக இவள் எதிரில் அவன் விழுங்கியதெல்லாம் சேர்த்தால் ஒரு கல்யாணப் பந்தியையே சிரிக்க வைக்கலாம்.

மலைமேல் இருக்கும் மாரமங்கலத்தில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டே சீட்டு, மடக்கி வைக்கிற கூரை. மிளகு மூட்டை ஏற்ற முடியாது, சொந்தபந்தத்தையும் ஏற்ற முடியாது. எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன முதலாளி, இருபது வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த வெங்கடாசலத்திடம், மாதம்மாளின் புருஷனிடம், சாவியைக் கொடுத்து, "நீயே வச்சுக்கோ" என்று விட்டுப் போன கார் அது. அன்றிலிருந்து அதற்குத் தனபால்தான் வைத்தியன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒண்டிக்கடை ஊரில் இருக்கும் தன் ஷெட்டைச் சாத்திவிட்டு இங்கே வந்துவிடுவான். இரண்டு பேரும் காருக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு மாப்ள மாப்ள என்று பேசிச் சிரிப்பது ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும்.

தை மாதம் அடிவாரத்துக் குப்பனூரில் வெங்கடாசலத்தின் பங்காளி வீட்டுக் கல்யாணம். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஜாக்கி போட்டுத் தூக்கியபோது டிரைவர் பக்கத்து முன்சக்கரத்தின் பிரேக் ஓஸை, ஆயில் போகும் ரப்பர் குழாயை, தனபால் பார்த்தான். ரப்பர் முழுக்க வெடிப்பு. நடுவில் ஓர் இடம் எலியை விழுங்கின சாரை மாதிரி புடைத்திருந்தது.

"மாப்ள, உன்ற ஓஸுக்கும் உன்ற வயசுதான். ரெண்டுல எது மொதல்ல வெடிக்குதுன்னு பந்தயம் கட்டலாமா?"

"ஓஸுதான் வெடிக்கும். நானெல்லாம் தேக்கு." வெங்கடாசலம் விழுந்து விழுந்து சிரித்தான். "அட, நான் பிரேக்கத் தொட்டாத்தானடா அது வெடிக்கறதுக்கு?"

அது வெறும் பீற்றல் இல்லை. மலையில் வண்டி ஓட்டுகிறவர்களின் மானமே அதில்தான் இருக்கிறது. செகண்ட் கியரில் விட்டால் வண்டி தானாக இறங்க வேண்டும். பிரேக் போடுகிறவன் சுற்றுலா வந்தவன். மேலிருந்து குப்பனூர் வரைக்கும் மூன்றே தடவைதான் பிரேக்கைத் தொடுவேன் என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவன் வெங்கடாசலம். தனபாலும் அதே ஜாதிதான். புது ஓஸ் கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும். கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சக்கரத்தைத் திரும்ப மாட்டினான்.

கல்யாணத்தன்று வெங்கடாசலம் மலை இறங்கும்போது, கடைசி வளைவுக்கு முந்தின வளைவில் மினி பஸ் ஒன்று ஏறி வந்தது. பிரேக்கை மிதித்தான், ஓஸ் வெடித்தது; மூன்று தடவையில் அது எத்தனையாவது மிதி என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெங்கடாசலம் வண்டியைப் பாறைப்பக்கம் ஒடித்துவிட்டான். காருக்கு மூக்கு மட்டும்தான் நசுங்கியது. ஸ்டியரிங் அவன் நெஞ்சில் ஏறிவிட்டது.

பிறகு தனபால் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தான். விசாரணைக்கு வந்த ஏட்டிடம், "ஏனுங்க, என்னையப் புடிச்சு உள்ள போட்டா என்னங்க?" என்றான். ஏட்டு சிரித்து, டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் டிரைவர் கோபியிடம், "நீ இடிச்சயா, நான் இடிச்சனா?" என்றான். "நேரமுங்கண்ணா" என்று கோபி அவன் தோளைத் தட்டினான். சொந்த மனைவி கலாவே, "விதிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, சாப்பிடுங்க" என்று சோற்றைப் போட்டாள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விளையாட்டுப் போல அவன் கேட்ட விதம் அப்படி. அவனுக்கு வேறு விதமாகக் கேட்டுப் பழக்கமில்லை.

போன வாரம் மாதம்மாள் போன் செய்தாள். காரை எடுத்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது, பிரேக் இல்லாத வண்டியை இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டேன், வந்து மாற்றிக் கொடுங்கள் என்றாள். கோயமுத்தூருக்குச் சொல்லிவிட்டதில் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று என்று மூன்று ஓஸும் மூன்றாம் நாளே பஸ் பார்சலில் வந்து இறங்கின. மூன்றே நாள். தனபால் பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஷெட்டில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றையும் மாட்டியாகிவிட்டது. இனி லைனுக்குள் புகுந்திருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தருகே நட்டைத் தளர்த்தி ஆயிலை விட வேண்டும். நட்டை முறுக்குவதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். இத்தனை வருஷமும் மிதித்தது வெங்கடாசலம்.

"நான் உக்கார்றேனுங்க" என்றாள் மாதம்மாள்.

சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் இறங்கினாள். அந்தப் பக்கம் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை. வளைந்த ஸ்டியரிங்கில் கை படாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அமுத்துங்க."

"அமுத்தீட்டனுங்க."

"புடிங்க... ம். விடுங்க."

முதல் இரண்டு தடவை அவள் அவசரப்பட்டுக் காலை எடுத்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது. பின்சக்கரம் இரண்டும் முடிந்தன. அந்தப் பக்கத்து முன்சக்கரமும் முடிந்தது. கடைசியில் டிரைவர் பக்கம் வந்து மட்கார்டுக்குக் கீழே தனபால் மல்லாந்து படுத்தான். அங்கிருந்து அவள் முகம் தெரியவில்லை. திறந்த கதவு வழியே பெடலுக்கு மேல் செருப்பில்லாத கால் மட்டும் தெரிந்தது.

"அமுத்துங்க. புடிங்க."

நட்டைத் தளர்த்தினான். குழாய் வழியாக பாட்டிலுக்குள் ஆயில் இறங்கியது. ஒரு குமிழி வந்தது, இன்னொன்று வந்தது, பிறகு சுத்தமாக வந்தது. பெடல் அடிவரைக்கும் போய் நின்றது. இப்போது முறுக்க வேண்டும். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"வெளயாட்டாவா, நெசமாவா?"

"நெசமாத்தானுங்க." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "மாப்ள போனது என்னாலதானுங்களா?"

ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. விதி என்று இவளும் சொல்லப்போகிறாள், எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்று தனபால் நினைத்தான்.

"அன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் காப்பி கொண்டாந்தனுங்கண்ணா" என்றாள் மாதம்மாள். "பந்தயம் கட்டலாமான்னு கேட்டீங்களே, கேட்டுட்டுத்தான் நின்னேன். நானுஞ் சிரிச்சேன். நான் பஸ்ஸுல போலாம்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன், காதுல வாங்க மாட்டாரு. நீங்க சொன்னா மட்டும் கேப்பாரு. நீங்க மட்டும் சிரிக்காம, போவாதடா மாப்ளன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு போயிருக்கவே மாட்டாருங்க. ஆமாங்கண்ணா. உங்களாலதான்."

பெடலின் மேலிருந்த காலை அவள் எடுக்கவில்லை.

"புடிச்சுட்டேதான் இருக்கறனுங்க" என்றாள். "முறுக்குங்க."