அக்காவின் முதல் உத்தரவு

சூசைரட்ணம் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அக்கா யோசெப்பினின் உதட்டில் ஒற்றினார். அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"கட்டிலைக் கொஞ்சம் நிமித்து. படுத்துக்கொண்டு கதைக்கேலாது."

சாகப்போகிறவரின் குரலாக இல்லை. மூவாயிரம் பொலிஸாரை நடத்திய குரல்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு மாவட்டத்துக்கே பொலிஸ் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். நோர்வேயில், ஒஸ்லோவுக்குப் பக்கத்திலுள்ள லோறென்ஸ்கூக்கில் தம்பியைப் பார்க்க வந்த இடத்தில் நோய் முற்றிவிட்டது. இன்றைய நாளைத் தாண்டமாட்டார் என்று ஆஸ்பத்திரி டொக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அக்கா இங்கிலாந்தில் பொலிஸில் சேர்ந்தபோது சூசைரட்ணம் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது பொலிஸ் ஜீப், அவர் திரும்பவேயில்லை. பிறகு அக்காவோடு மீண்டும் பேசத் தொடங்கியபோதும் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. ஒஸ்லோவில் விசாரித்தவர்களிடம், அக்காவுக்கு ஏதோ கந்தோரில் எழுத்து வேலை என்று முடித்துவிடுவார்.

இன்று கேட்டார்.

"ஏன் அக்கா அந்த வேலைக்குப் போனனீங்கள்?"

"அம்மா ஒவ்வொரு ஸ்டேசனா அலைஞ்சவ. நான்தான் கூடப் போனனான். நீ சின்னப்பொடியன். அப்பா இஞ்சைதான் எண்டும் ஒருத்தனும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை."

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். மழையில் ரோந்து போன காலம், வெறிகாரர் முகத்தில் துப்பியது, கூட வேலை செய்தவர்களே தேத்தண்ணி போடச் சொல்லி நக்கலடித்தது. எதற்கும் அசையவில்லை. துப்பறியும் பிரிவை நடத்தி, கடைசியில் தலைமை நாற்காலிக்கே வந்தார். வந்த அன்றே முதல் உத்தரவு: யாரைப் பிடித்தாலும், அவர் எங்கே இருக்கிறார் என்று அன்றைக்கே ஒரு அதிகாரி அவரின் வீட்டாரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் ஆள் இல்லை என்று கீழே இருந்தவர்கள் முறைப்பட்டார்களாம்.

"அப்ப நானே அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லுறன் எண்டு தொப்பியை எடுத்தனான். பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையேடா."

பின்னேரம், கதைத்த களைப்பில் கண்ணயர்ந்தவர் போலவே யோசெப்பினின் மூச்சு நின்றது.

தாதி வந்து நாடி பார்த்தார். மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு, அக்கா என்ன வேலை செய்தவர் என்று மெல்லக் கேட்டார்.

"பொலிஸ்," என்றார் சூசைரட்ணம். "பெரிய அதிகாரி."

தாதி தலையசைத்தார். இறந்தவரின் உயிர் வெளியே போகட்டும் என்ற இந்நாட்டு வழக்கப்படி யன்னலைத் திறந்துவிட்டு வெளியே போனார். பனிக்காற்று உள்ளே வந்தது.

சூசைரட்ணம் போர்வையை இழுத்து அக்காவின் கழுத்துவரை மூடிவிட்டார்.