முள்பூ வைத்த நாற்காலி

ஹார்ஸ்லோ மாளிகையில் எந்த நாற்காலியில் உட்காரக் கூடாதோ, அதன் மேல் காய்ந்த முள்பூ ஒன்று இருக்கும். பலகை எழுதி மாட்ட வேண்டாம். பார்த்ததுமே உட்காரும் ஆசை போய்விடும்.

அன்று காலை, லேடி அர்சுலாவின் சன்னலோர நாற்காலியிலும் ஒன்று இருந்தது.

எழுபது வயதைத் தாண்டியவர், அந்த வீட்டிலேயே பிறந்தவர். இழுப்பறையை இழுக்கும் சத்தத்தை வைத்தே மேசை எந்த அரசர் காலத்தது என்று சொல்லிவிடுவார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் லண்டன் ஏலக்காரர்களுக்கு வியர்க்கும். ஆனால் வீடு இப்போது அண்ணன் மகன் பெரெக்ரின் பிரபுவுடையது. அதை நடத்த அவன் வைத்திருக்கும் மேலாளர் ஹாப்வுட்.

"பழம்பொருள், லேடி அர்சுலா. இனிமே யாரும் உட்காரக் கூடாது, நீங்களும்தான். மீறினா நீங்க கேட் பக்கத்துக் குட்டி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிரபுவே சொல்லிட்டார்," என்றார் ஹாப்வுட்.

"பழம்பொருள் நானா, நாற்காலியா?" என்று கேட்டார் அர்சுலா.

மதியம் சீட்டு வாங்கி மாளிகையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் க்ளெக் என்ற பழைய பஸ் டிரைவரும் ஒருவர். நீளக் கூடத்தைக் கடப்பதற்குள் முழங்கால் மடங்கிவிட, அந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க!" என்று ஹாப்வுட் கத்தினார்.

"விட்டா விழுந்துடுவேன் தம்பி!"

அர்சுலா முள்பூவைப் பார்த்தார். அதை எடுத்தால் பிறந்த வீட்டில் இன்றே கடைசி நாள். எடுத்துவிட்டார்.

"உட்காருங்க."

"உடைஞ்சுடாதே, கண்ணு?"

பிரபு வீட்டுப் பெண்ணைக் கண்ணு என்றதும் ஹாப்வுட்டின் முகம் கோணியது. க்ளெக் டார்பிஷயர்க்காரர்; அந்த ஊரில் யாராயிருந்தாலும் கண்ணுதான்.

"இரண்டாம் பிரபுவுக்காகச் செஞ்சது இது. வாதக்காரர், கோதுமை மூட்டை மாதிரி உடம்பு. தொப்புனு விழுவார். அவருக்கே உடையல."

முள்பூவும் கையுமாகத் தேநீர் கொண்டுவரப் போனார் அர்சுலா. திரும்பி வந்தபோது கையில் தேநீர் மட்டும் இருந்தது.

க்ளெக் கிளம்பியதும் பெரெக்ரின் வந்து நின்றான். ஹாப்வுட் சொல்லியனுப்பியிருந்தார். அதற்குள் அர்சுலா தன் இடத்தில் உட்கார்ந்தாயிற்று.

"அத்தை, பேசி முடிவு பண்ணினோமே..."

"நீ பேசின, நான் கேட்டேன். முடிவு பண்ணல. இந்த நாற்காலிக் கையைத் தடவிப் பாரு. பல்லு முளைக்கிறப்ப நீ கடிச்ச தடம். அன்னிக்கு உன் மேல முள்பூ வைக்கலடா நான். யாரும் உட்காராத இடத்துக்குக் கிடங்குன்னு பேரு. என்னை அனுப்பணும்னா நாற்காலியோட தூக்கு."

பெரெக்ரின் விரலால் தடவினான். தடம் இருந்தது. அவன் காது சிவந்தது.

"டீ மிச்சம் இருக்கா, அத்தை?"

"இருக்கு. ஆனா உனக்கு வேற நாற்காலி."

ஹாப்வுட் விறுவிறுவென்று தன் அலுவலறைக்குப் போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து ஓர் அலறல் கேட்டது.

"அவரோட சுழல் நாற்காலியும் ஒருநாள் பழம்பொருள் ஆகும்," என்றார் லேடி அர்சுலா, தேநீரை ஊற்றியபடி. "இப்பவே பாதுகாக்க வேணாமா?"